கெட்டிக்காரர்

கோவை பெரியகடை வீதிப் பாத்திரக் கடைகளில் அவரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனாவுக்குத் துணையாக ஒரு காந்தத் துண்டு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. எவர்சில்வர் குண்டாவைக் கையில் எடுப்பார், எடை பார்ப்பார், விரல்முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். கடைசியாகக் காந்தத்தை வைப்பார். ஒட்டினால், "இது இரும்புக் கலப்படமுங்" என்று கீழே வைத்துவிடுவார்.

கடைப் பையன் பேசாமல் நிற்பான். காந்தம் ஒட்டுகிற 430 வகையும் எவர்சில்வர்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை மலிவுச் சரக்கில் காந்தம் ஒட்டாமலும் போகும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். சொன்னால் அந்த ஆராய்ச்சியும் இன்றைக்கே தொடங்கிவிடும் என்பதும் தெரியும்.

விலையை அவர் கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி, "எத்தன வருசம் வருமுங்க?" நாலாயிரம் ரூபாய்ச் சாமான் இருபது வருசம் வந்தால் வருசத்துக்கு இருநூறு, எண்ணூறு ரூபாய்ச் சாமான் ரெண்டே வருசத்தில் போனால் வருசத்துக்கு நானூறு. ஆக, எண்ணூறு ரூபாய்ச் சாமான்தான் விலை அதிகம். இந்த வகுத்தல் கணக்கில் யாரும் பிழை காண முடியாது. கணக்குப் போடுகிறவருக்கு வயது எழுபத்திரண்டு என்பது மட்டும் லேசாக இடிக்கும்.

இப்படி ஒருவர் இந்த ஊரில் உருவாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில்களைத் தொட்டு ஃபவுண்டரி, மோட்டார், பம்புசெட். இவருக்குச் சொந்தத்தில் ஒருத்தர் லேத் பட்டறை வைத்திருப்பார், பங்காளி ஒருத்தர் மோட்டார் வைண்டிங் கட்டுவார், மச்சான் ஒருத்தர் திருப்பூரில் இருப்பார். இவரிடம் போய் 'ஹெவி டூட்டி' என்று விற்பனைப் பையன் வாயெடுத்தால், "வைண்டிங் காப்பருங்களா, அலுமினியமுங்களா?" என்ற கேள்வி வந்து விழும். பையன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வருவான். முதலாளி வந்து பார்த்துவிட்டு, டீ சொல்வார்.

கிரைண்டர் என்றால் தனி மரியாதை. 1955இல் சபாபதி என்பவர் இந்த ஊரில் உருவாக்கிய இயந்திரம். 2005-06இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. குறியீட்டையெல்லாம் நம் ஆள் சட்டை செய்வதில்லை. "கல்லு ஊத்துக்குளிக் கல்லுங்களா?" என்று கேட்டபடியே கையை உள்ளே விட்டு, கட்டைவிரல் நகத்தால் கல்லைச் சுரண்டுவார். நகத்தில் மாவாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரைண்டரைத் தூக்கிப் பார்ப்பார். அசையவில்லை என்றால் முகம் மலரும். டேபிள் டாப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். "அதெல்லாம் வெளையாட்டுச் சாமானுங்."

அப்படித்தான் மகள் கல்யாணச் சீரில் ஒரு பெரிய கிரைண்டர் பெங்களூரில் மூன்றாம் மாடிக்குப் போனது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. நாலு பேர் தூக்கினார்கள். ஒருவர் அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. மகளும் மாப்பிள்ளையும் பாக்கெட் மாவு வாங்கித் தோசை சுடுகிறார்கள். கிரைண்டர் மேல் சோப்புத்தூள் டப்பா உட்கார்ந்திருக்கிறது. போனில் மாமனார் விசாரித்தால் மாப்பிள்ளை தயங்காமல் சொல்கிறார்: "இதுவரைக்கும் ஒரு ரிப்பேர் இல்லீங்க மாமா."

துணி எடுக்க அவரோடு போவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஜமக்காளமா, பவானிக்கே பஸ் ஏறுவார். போர்வையா, சென்னிமலை. கோவையில் எடுத்தால் விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று கட்டிவிடுவார்கள் என்று பயம். பயம் நியாயமானதுதான். ஜமக்காளம் போன்றவற்றைக் கைத்தறிக்கென்று ஒதுக்க 1985இலேயே சட்டம் போட்டார்கள். சட்டம் விசைத்தறிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. எனவே அவரே சோதனையில் இறங்குவார். கரையோரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழிப்பார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் என்றால் உருகிக் கடுகளவு உருண்டையாகும். கல்லாவிலிருந்து எழுந்து வருகிற கடைக்காரர் கையில் தண்ணீர்ச் சொம்பு இருக்கும். நூல் எரிந்து முடியும்வரை கடையில் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

திருப்பூர் காதர்பேட்டையில் பனியனை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார், இழுப்பார், விடுவார். துணியின் கனமும் தெரிய வேண்டும். "ஜிஎஸ்எம் எத்தனைங்க, நூத்தியெம்பது வருமுங்களா?" என்பார். அறுபது ரூபாய்ப் பனியனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் நம்ம பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

இத்தனை அறிவும் தோற்ற இடம் ஒன்று உண்டு. செல்போன் கடை. தட்டிப் பார்த்தார், சத்தம் பிடிக்கவில்லை. எடை போதவில்லை. "நல்லா வெச்சுக்கிட்டா மூணு வருசம் வருமுங்கய்யா" என்று கடையில் இருந்த பெண் சொன்னதும், வகுத்தல் கணக்கை மனசுக்குள் போட்டு, கைகுவித்துக் கும்பிட்டு வெளியே வந்துவிட்டார்.

ஆனால் ஒன்று, அவர் வாங்கிய சாமான் உண்மையிலேயே கெடுவதில்லை. ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் பீரோவிலிருந்து பவானி ஜமக்காளம் வெளியே வரும், பாச்சை உருண்டை வாசனையோடு. பரணிலிருந்து எவர்சில்வர் தட்டுகள் இறங்கும். அடியில் ஒட்டிய கடை ஸ்டிக்கர்கூட உரியாமல் இருக்கும். மற்ற நாளில் அந்த வீட்டில் புழங்குவது, பிடி போன அலுமினியக் குண்டாவும், நடுவில் இரண்டு தரம் ஒட்டுப்போட்ட போர்வையும்தான். "அதுக்கு இன்னும் ஆயுசு இருக்குதில்ல, அதுக்குள்ள புதுசு எதுக்கு?" என்பது வீட்டுச் சட்டம். பழசும் கெட்டிச் சாமான், சுலபத்தில் சாவதில்லை. புதுசுக்கு முறை வருவதில்லை.

போன தைப்பொங்கலுக்கு வந்த சம்பந்தியம்மா ஜமக்காளத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "இருவது வருசமுங்களா? இப்பத்தான் தறியில இருந்து எறக்குனாப்பல இருக்குதுங்களே!"

"பாத்து வாங்கோணுமுங்" என்றார் நம் ஆள், மீசையைத் தடவிக்கொண்டு.

சமையல்கட்டில் பிடியில்லாத குண்டாவைத் துணி போட்டு இறக்கிக்கொண்டிருந்த வீட்டம்மா தலையை மட்டும் நீட்டினார்.

"பொழங்குனாத்தானுங்க தேயறதுக்கு!"