பிடியியல்

திருச்சிராப்பள்ளியை வகைப்பாட்டியலுக்குள் கொண்டுவந்த பெருமை ஷெர்லாக் ஹோம்ஸுக்கு உரியது. 1887-இல் வெளியான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையில், பிணம் கிடந்த அறையின் தரையிலிருந்து கொஞ்சம் சாம்பலை எடுத்துப் பார்த்து, இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அடுத்த கதையிலோ, 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தனி நூலே எழுதியிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். உறையூர்ச் சுருட்டு லண்டனில் உதிர்த்த சாம்பலுக்கு நூல் உண்டு. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், மாலை ஆறு மணியானால் மட்டையைப் பிடிக்கிற கைகளுக்கு நூல் இல்லை. அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது.

நூல் நுதலிய பொருள், மேசைப்பந்தாட்டத்தில் (இனி டிடி என்க) பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிக்கும் பென்ஹோல்ட் பிடி. களம், ஸ்ரீரங்கத்து அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடம். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. 1965-இல் பெல் ஆலை வந்தது. வேலை முடிந்ததும் மன்றத்துக்குப் போய் கேரமோ டிடியோ ஆடும் பழக்கமும் கூடவே வந்தது. அங்கே ஓய்வுபெற்றவர்கள் அரங்கன் காலடியில் பிளாட் வாங்கியபோது தங்கள் சர்வீஸையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். 2.74 மீட்டர் நீளமும் 1.525 மீட்டர் அகலமும் உள்ள மேசை இரண்டு கார்களுக்கு நடுவே நிற்கும். ஆடுகிறவர் பின்வாங்கினால் யாருடைய பம்பரிலாவது உட்காருவார். ஸ்ரீரங்கத்துக் கிரிக்கெட்டுக்கு சுஜாதா கிடைத்தார். டிடிக்கு நான்தான் கிடைத்திருக்கிறேன்.

இனி வகை. பிடி இருதிறத்தது: கை முழுதும் பிடிப்பது, விரல் மட்டும் பிடிப்பது. முன்னது ஷேக்ஹேண்ட், அதாவது மட்டையோடு கைகுலுக்குவது. சரத் கமலும் சத்தியனும் பிடிப்பது அதுவே. தமிழ்நாட்டில் பத்துப் பேரை நிறுத்தினால் ஒன்பது பேர் அந்தக் கட்சிதான். பின்னது நம் பொருள்.

பேனா பிடிப்பதுபோல் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத் தீவின் முன்னோர் அப்படிப் பிடித்து எழுதியவர்கள் அல்லர். ஏடு எழுதினவர் எழுத்தாணியை மூடிய வலக்கைக்குள் இருத்தி, இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் போட்ட வெட்டில் அதைச் சாய்த்து, ஆணியை அங்கேயே வைத்து ஓலையைத்தான் நகர்த்தினார். ஆகவே வைணவ உரையான ஈட்டையும் ரகசிய கிரந்தங்களையும் பிரதி எடுத்த கை, நம் வகைப்பாட்டின்படி, ஷேக்ஹேண்ட் கை. மட்டையை அசைக்காமல் மேசையை நகர்த்தி ஆடும் வித்தை மட்டும் வழிவழியாக வராமல் போயிற்று.

அப்படியானால் பென்ஹோல்டை ஸ்ரீரங்கத்துக்காரருக்கு எப்படிக் கற்பிப்பது? கொதிக்கிற காபியோடு டபராவில் நிற்கும் டம்ளரை விளிம்பில் எப்படித் தூக்குகிறீர்கள் என்று கேட்டால் போதும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் இடுக்கிபோல் வளைந்து கவ்வும். அதுதான் பிடி. மீதி மூன்று விரல்களும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். அந்த மூன்றையும் பற்றித்தான் சாத்திரச் சண்டையெல்லாம்.

பழைய நூலோர் நாட்டைக் கொண்டு பிரித்தனர். சீனப்பிடியில் அந்த மூன்று விரல்களும் மட்டையின் முதுகில் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கும். ஜப்பானிய, கொரியப் பிடியில் அவை நீண்டு முதுகில் சாயும். அதற்கென்றே ஹினோகி என்னும் ஜப்பானிய மரத்தில் ஒரே பலகையாகச் செதுக்கி, கைப்பிடியில் தக்கைத் திட்டு வைத்து, ஒரு பக்கம் மட்டும் ரப்பர் ஒட்டிய மட்டை உண்டு. 1952-இல் ஆசியாவில் முதன்முறையாக உலகப் போட்டி நடந்தது பம்பாயில். ஹிரோஜி சாட்டோ என்ற ஜப்பானியர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையை இந்தப் பேனாப்பிடியில் பிடித்து வந்தார். அதுவரை மட்டையில் பந்து பட்டால் சத்தம் கேட்கும்; எவ்வளவு வேகம் என்று எதிராளி காதாலேயே கணக்குப் போடுவார். சாட்டோவின் மட்டையில் சத்தமே இல்லை. ஐரோப்பியர் திகைத்து நிற்கும்போதே அவர் உலக சாம்பியன் ஆகிவிட்டார். பிறகு ஒகிமுரா 1954-இலும் 1956-இலும் வென்றார். 1959-இல் டார்ட்மண்டில் ரோங் குவோதுவான் வென்றபோது, எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. தொடர்ந்து சுவாங் சேதோங் 1961, 1963, 1965 என மூன்று முறை. எல்லாம் இடுக்கி விரல்கள்.

இத்தனை வெற்றிக்கு மணிக்கட்டே காரணம். கை முழுதும் பிடித்தால் மணிக்கட்டு அரைவாசிதான் திரும்பும். விரலால் கவ்வினால் அது எல்லாப் பக்கமும் சுழலும். சர்வீஸில் எந்தப் பக்கம் சுழல் வைத்தார் என்று எதிராளிக்குத் தெரியாது. அதற்கு விலையும் உண்டு. இடப்பக்கம் வருகிற பந்தைப் பென்ஹோல்ட்காரர் அதே முகத்தால் தள்ளத்தான் முடியும், அடிப்பது பெரும்பாடு. எனவே வலப்பக்க அடிக்காக மேசை முழுக்க ஓட வேண்டும். 2004 ஏதென்ஸில் தங்கம் வென்ற கொரியர் ரியூ சியுங்-மின் ஓடியே வென்றவர். எழுபது வயதில் ஓட முடியாது என்பதையும், இரண்டு பக்கமும் கார் நிற்கிறது என்பதையும் இவ்விடத்து நினைக.

ஓட்டத்துக்கு மாற்றாக வந்ததே முதுகால் அடிக்கும் பிடி. மட்டையின் பின்பக்கமும் ரப்பர் ஒட்டி, இடப்பக்கப் பந்தை அந்த முதுகால் அடிப்பது. 1990-களில் லியூ குவோலியாங் இதைப் போட்டியில் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த வாங் ஹாவ் இடப்பக்கம் முழுவதையும் முதுகுக்கே எழுதிவைத்தார். 2009-இல் உலகப் பட்டம் வென்றவர், 2004, 2008, 2012 என மூன்று ஒலிம்பிக்கிலும் இறுதி ஆட்டம் வரை வந்து வெள்ளியோடு திரும்பினார். முதலில் தோற்றது அந்த ரியூவிடம், அடுத்து இன்னொரு பென்ஹோல்ட்காரர் மா லினிடம், மூன்றாவதாக ஷேக்ஹேண்ட்காரர் ஜாங் ஜிகேயிடம். எல்லாக் கட்சிக்கும் சமமாகத் தோற்றவர் என்ற வகையில் அவர்மேல் இந்நூலாசிரியருக்குத் தனி மதிப்பு உண்டு.

நாட்டைக் கொண்டு பிரிப்பது இன்று செல்லாது. 2024 பாரிஸில் 17 வயதில் வெண்கலம் வென்ற ஃபெலிக்ஸ் லெப்ரன், பிரான்சின் தெற்கே மோன்பெலியே ஊர்ப் பையன். பிடி பென்ஹோல்ட். அவருடைய அண்ணன் அலெக்சிஸ் ஷேக்ஹேண்ட். ஒரே வீட்டில் இரண்டு கலை! இது ஐரோப்பியருக்குப் புதுமை, ஸ்ரீரங்கத்துக்கு இல்லை. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் ஒரே காலத்தில் இதே தீவில் இருந்த வைணவ ஆசாரியர்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது, அதுபோல் உயிரும் முயல வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக்குட்டி சும்மா கிடக்கத் தாயே கவ்விச் செல்கிறது என்பது மறு கட்சி. பேதம் பதினெட்டு என்று கணக்கு. பத்தொன்பதாவதாக மட்டையைச் சேர்க்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் உவமையைக் கடன் வாங்கலாம்.

மர்க்கடப் பிடி: கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை மட்டையைப் பற்றுவது. மட்டை எங்கோ ஓடிவிடும் என்ற பயம் இதற்கு மூலம். முழங்கை வரை நரம்பு இறுகி, மணிக்கட்டு பூட்டிக்கொண்டு, பேனாப்பிடியின் ஒரே லாபமும் போய்விடும். புதிதாக வருகிறவர் அனைவரும் இவ்வகை. மார்ஜாரப் பிடி: தாய்ப்பூனை குட்டியின் பிடரியைக் கவ்வுகிற அளவு. விழவும் கூடாது, வலிக்கவும் கூடாது. பந்து படுகிற கணத்தில் மட்டும் பல் இறுகும்.

ஆகவே எந்த விரல் பிடிக்கிறது என்பதை விட்டு, எந்த விரல் விடுகிறது என்பதைக் கொண்டே இந்நூல் வகுக்கிறது. வலப்பக்கம் அடிக்கும்போது கட்டைவிரல் அழுத்தும், முதுகிலிருந்து நடுவிரல் தாங்கும், சுட்டுவிரல் தளரும். இடப்பக்கம் தள்ளும்போது சுட்டுவிரல் அழுத்தும், கட்டைவிரல் தளரும். முதுகால் அடிக்கும்போது கட்டைவிரல் ஏறக்குறைய விடுப்பில் போய்விடும். சுட்டுவிரல் விடார், கட்டைவிரல் விடார், எதையும் விடார் என மூவர் இதனால் பெறப்பட்டனர். பின்விரல் மூன்றையும் விசிறிபோல் விரிப்பார் நான்காமவர். மணிக்கட்டைத் தாமே கட்டிப்போட்டுக்கொண்ட இவரை விசிறியார் என்க. ஸ்ரீரங்கத்தில் விசிறியார் தொகை மிகுதி. சொன்னால் திருத்திக்கொள்வார்கள், அடுத்த சர்வீஸில் மறுபடி விரிப்பார்கள்.

இனி மட்டை தேர்தல். திருச்சிக் கடைகளில் தொங்குவன எல்லாம் நீளக் கைப்பிடி மட்டைகள். பென்ஹோல்ட் கேட்டால் கடைப்பையன் உள்ளே போய் ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவராத குறை. எனவே அறுப்பதே வழி. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் மாடிவீட்டுக் கல்லூரிப் பையனும் இது பற்றிப் பேசிக்கொண்டது நூலுக்குச் சான்றாகும்.

"என்ன மாமா, பேட் உடைஞ்சு போச்சா?"

"உடையலடா. அறுத்தேன்."

"எதுக்கு மாமா?"

"சைனாக்காரனுக்கு இவ்ளோ நீளம் வேண்டாமாம்."

சாதாரண மட்டையின் கைப்பிடி பத்து சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பென்ஹோல்டுக்கு எட்டு, எட்டரை போதும். அறுத்தால் எடை குறையும், ஆனால் சமநிலை முன்னே நகர்ந்து மட்டைக்குத் தலைக்கனம் ஏறும். அதை அடக்க வழி கைப்பிடியின் அடியில் டேப் சுற்றுவது. அடுத்தது உப்புத்தாள். கைப்பிடியும் பலகையும் சேருகிற தோள் இரண்டும் கத்திபோல் விரலை வெட்டும். பெரியவர் மட்டையை மடியில் வைத்து, ரப்பர் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, 120 நம்பர் உப்புத்தாளைச் சுட்டுவிரலில் சுற்றி, அந்த விரல் எப்படி வளைந்து உட்காருமோ அதே வளைவில் தேய்த்தார். சுட்டுவிரல் பக்கம் ஆழமாக, கட்டைவிரல் பக்கம் சற்றுக் குறைவாக. பத்து இழுப்பு, ஒரு ஊது ஊதிப் பிடித்துப் பார்த்தல், மறுபடி பத்து. மரத்தூள் வேட்டியில் மாவாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பலகையின் ஐந்து அடுக்கும் வெளுப்பும் பழுப்புமாகக் கோடு கோடாகத் தெரிந்தன. இனி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்று நிறுத்தினார். இது சிறந்த முறை. ஒரே மூச்சில் தேய்த்தவர் மரத்தைத் திரும்ப ஒட்டியதில்லை. தேய்க்க வேண்டிய இடத்தைச் சுட்டுவிரலின் உள்பக்கச் சிவப்பும் நடுவிரலின் நக ஓரத்துக் காய்ப்பும் காட்டும்.

ரப்பர் ஒட்டும்போது கைப்பிடிக்கு மேலே விரல் படும் இடத்தை மரமாகவே விடலாம்; விதியும் அதை அனுமதிக்கிறது. ரப்பர் ஒட்டாத முதுகுக்கும் நிறம் வேண்டும் என்பதும் விதி. அடுக்ககச் சங்கம் அதை இதுவரை அமல்படுத்தவில்லை. விரல்களை ஆழமாக உள்ளே விட்டால் மட்டை உறுதியாக நிற்கும், மணிக்கட்டு இறுகும். மேலோட்டமாக விட்டால் மணிக்கட்டு பேசும், ஸ்மாஷில் மட்டை ஆடும். இதில் நடுவழி சொல்வார் பலர். நான் மேலோட்டக் கட்சி; ஸ்மாஷ் அடிக்கிற வயதும் அல்ல.

எந்தச் சீன நூலும் சொல்லாத ஒன்று, திருச்சி வெயில். பந்தின் எடை 2.7 கிராம். மேலே ஃபேன் சுற்றினால் பந்து தன்னிஷ்டத்துக்குப் போகும். ஆகவே ஃபேனை அணைத்துத்தான் ஆட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் இல்லாமல், இரண்டாவது செட்டில் கட்டைவிரல் மரத்தில் வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் பயம், பயந்தால் இறுக்கம்; மார்ஜாரப் பிடியில் தொடங்கியவர் ஏழாவது பாயிண்டில் மர்க்கடராகிவிடுவார். இதைக் காலத்தால் திரிந்த பிடி என்க. தேய்த்த மரம் வியர்வையைக் கொஞ்சம் குடிக்கும், வார்னிஷ் குடிக்காது. உப்புத்தாளுக்கு இது இரண்டாம் பயன்.

எஞ்சியது ஒரு வகுப்பு. தினமும் தவறாமல் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூணோரம் இழுத்துப் போட்டு, மட்டையைத் தொடாமலே ஆட்டம் முழுதும் பார்ப்பவர்கள்: பிடிக்காதவர். பாயிண்ட் எண்ணும் உரிமை இவர்களுடையது. இருவர் எண்ணினால் கணக்கு இரண்டாகும். பிடியைப் பற்றி அதிகம் சொல்பவர்களும் இவர்களே. வாங் ஹாவையும் திருத்துவார்கள். பத்துக்குப் பத்து வந்ததும் புழுக்கம் தாங்காமல் ஒருவர் எழுந்து ஃபேனைப் போட்டுவிடுவார். பந்து வளைந்து மூன்றாம் மாடிக்காரரின் காருக்கு அடியில் போய்ச் சக்கரத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டடைக் கம்பு எட்டாது, வண்டியை எடுக்கத்தான் வேண்டும். சாவிக்காரர் அரவணைக்குக் கோயிலுக்குப் போயிருப்பார். ஒன்பதரைக்கு முன்னால் வரமாட்டார்.