வேலி போய் மதில் வந்தது

காங்கயம் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டுப் பொடக்காளிக்கு, அதாவது கொல்லைப்புறத்துக்கு, அப்போது மதில் கிடையாது. மூன்று பக்கமும் முள்ளுக்கிளுவை வேலி. அதன்மேல் கோவையும் ஆதொண்டையும் ஏறிப் படர்ந்திருக்கும். இடையிடையே பூலாவும் சங்கஞ்செடியும். அவற்றை யாரும் நட்டதில்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் முளைத்தவை. பூலாப்பழம் தின்று எங்கள் நாக்கெல்லாம் ஊதாவாக இருக்கும்.

பங்குனி, சித்திரையில் கொண்டைக்குருவிகள் கறிவேப்பிலை மரத்தில் கை எட்டும் உயரத்திலேயே கூடு கட்டும். இரண்டோ மூன்றோ முட்டை, இரண்டு வாரம் அடை. அதுவரை அந்தக் கொப்பில் ஓர் இணுக்கு ஒடிக்கவும் அப்பத்தா விடமாட்டார். “குஞ்சு பறக்கற வரைக்கும் அந்தப் பக்கம் போவாத சாமி” என்பார்.

குஞ்சு பொரித்ததும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஓய்வே இருக்காது. பிடிக்கிற புழு பூச்சியெல்லாம் குஞ்சுக்கு. அலைகிற தங்கள் வயிற்றுக்கு வேலிப் பழம். குஞ்சு வளர வளரப் பழத்தையும் ஊட்டும். புழுவைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். கறிவேப்பிலையையும் ஆதொண்டையையும் தின்றுதான் பலவகை வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் வளர்கின்றன. கூடு கட்ட மறைவு, பெரியவைக்குப் பழம், குஞ்சுக்குப் புழு, மூன்றையும் அந்த ஒரே பொடக்காளி கொடுத்தது.

இன்று அங்கே ஹாலோபிளாக் மதில் நிற்கிறது. தரையில் டைல்ஸ், தொட்டிகளில் குரோட்டன்ஸ். கறிவேப்பிலை மரம் இருக்கிறது. ஆனால் இலை தழைக்க வேண்டுமென்று பூவைக் கிள்ளிவிடுகிறோம், புழு கண்டால் மருந்தடிக்கிறோம். கொண்டைக்குருவி எதற்கும் ஈடுகொடுக்கும் பறவை. டியூப்லைட் கம்பியின்மேல்கூடக் கூடு கட்டிவிடுகிறது. அதைப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வேலிப் புதருக்குள் மறைந்திருந்து குரல் கொடுக்கும் அதன் உறவுப் பறவையான வெண்புருவச் சின்னானை இப்போது அங்கே கேட்க முடியவில்லை. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலோரம் இரண்டடி மண்ணை மூடாமல் விடலாம். அங்கே தானாக முளைக்கும் கோவையையும் பூலாவையும் களையென்று பிடுங்காமல் இருக்கலாம். கறிவேப்பிலையில் ஒரு கொப்பையாவது பூத்துக் காய்த்து, பழம் கறுக்கும்வரை விட்டுவைக்கலாம். பழம் மட்டுமே தேவையென்றால் பப்பாளித் துண்டை அறுத்து வைத்தால் போதும். குஞ்சு கேட்கிற புழுவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த மண்ணின் செடி இருந்தால்தான் அது கிடைக்கும்.