இறக்கத்தில் ஓடிய சாதனை செல்லுமா?

கே: டிராக் ரேஸ் பாதை லேசாக இறக்கமாக இருந்தால் அப்படி என்ன பெரிதாக மாறிவிடும்?

ப: போட்டியில் ஒன்றும் மாறாது, சாதனையில் மாறும். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் பாயும்போது இறக்கம் இருவருக்கும் பொது. முதலில் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தார், அவ்வளவுதான். அதே ஓட்டத்தின் நேரத்தை வேறு ஊரில், வேறு ஆண்டில் ஓடிய வண்டியின் நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் தகராறு. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் டிராக் ரேஸின் வழக்கமான தூரமான கால் மைலுக்கு, அதாவது 402 மீட்டருக்கு, அது 4 மீட்டர் இறக்கம். ஒரு மாடி உயரத்துக்கு மேல்!

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை விநாடி மிச்சமாகும்?

ப: அந்த 1% சரிவில், கால் மைலை 8 விநாடியில் ஓடும் வண்டிக்கு 0.03 விநாடி. 12 விநாடி வண்டிக்கு 0.10. 16 விநாடி வண்டிக்கு ஏறத்தாழ கால் விநாடி. (முடுக்கம் கடைசிவரை சீராக இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. அசல் ஓட்டத்தில் கொஞ்சம் முன்பின் ஆகும்.) நேரம் இரட்டித்தால் சலுகை எட்டு மடங்காவதைக் கவனியுங்கள். சரிவு தரும் கூடுதல் முடுக்கம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். அசுர பலமுள்ள வண்டிக்கு அது தூசு. சாதுவான வண்டிக்கோ நல்ல பங்கு. அதோடு அந்த வண்டி சரிவில் அதிக நேரம் இருந்து அதை அனுபவிக்கவும் செய்கிறது. ஆகவே இறக்கத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்பட வேண்டியது உலகச் சாதனைகளை அல்ல, தெருவில் ஓடும் கார்களின் ‘சாதனை’ வீடியோக்களை.

கே: அப்படியானால் டிராக் ரேஸின் அதிவேக வகையான டாப் ஃப்யூயல் வண்டிகளுக்குச் சரிவு ஒரு பொருட்டே இல்லையா?

ப: 2019இல் பென்சில்வேனியாவின் மேப்பிள் குரோவில் பிரிட்டனி ஃபோர்ஸ் அப்படியொரு வண்டியில் 1,000 அடியை 3.623 விநாடியில் முடித்தார். (இந்த வகை வண்டிகளுக்குப் பந்தயத் தூரம் கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைந்தது, 2008இல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா உயிரிழந்த விபத்துக்குப் பிறகு.) அப்படியொரு ஓட்டத்துக்கு 1% இறக்கம் கிடைத்தால் மிச்சமாவது 0.004 விநாடிதான். ஆனால் முடிவுக்கோட்டில் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டிக்கு அந்த 0.004 விநாடி என்பது சுமார் 2 அடி தூரம். சாதனையை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதுகிற விளையாட்டு இது. அந்தக் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டுமானால் பாதையின் மட்டத்தையும் அதே அக்கறையோடு அளந்து, நேரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கே: தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் ஒரே மட்டத்தில் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

ப: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் பாதி 1% இறங்கி, அடுத்த பாதி 1% ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் பூஜ்யம். ஆனாலும் 12 விநாடி வண்டி அதில் ஏறத்தாழ 11.92இல் வந்துவிடும். இறக்கத்தில் ஆரம்பத்திலேயே சம்பாதித்த வேகம் மீதித் தூரம் முழுவதும் கூடவே வருகிறது. பிற்பாதியின் ஏற்றம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து முடிப்பதற்குள் வண்டி வேகமெடுத்து அந்தத் தூரத்தை மூன்றரை விநாடியில் கடந்துவிடுகிறது. முழுப் பாதையும் இறங்கினால் கிடைக்கும் சலுகையில் பெரும்பங்கு இப்படி ஒரு நடுப்பள்ளத்திலேயே கிடைத்துவிடும். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மிக விரைவாகச் சறுக்கும் வழி நேர்கோடு அல்ல, தொய்ந்த வளைவு என்பது 1696இல் யோஹான் பெர்னூலி கணித அறிஞர்களுக்கு முன்வைத்த புதிரின் விடை. அதன் உறவுக்காரர்தான் இந்தப் பள்ளம். துப்பு வேண்டுமா? முடிவுக்கோட்டு வேகம் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் குறைந்திருக்கும்.

கே: மற்ற விளையாட்டுகளில் இதற்கு விதி உண்டா?

ப: உண்டு. 2011 பாஸ்டன் மாரத்தானை ஜெஃப்ரி முத்தாய் 2:03:02இல் ஓடினார். அன்றைய உலகச் சாதனை ஹைலே கெப்ரசெலாசியின் 2:03:59. முத்தாயின் நேரம் சாதனையாக ஏற்கப்படவில்லை. கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கும் பாதை செல்லாது. பாஸ்டன் அதைப்போல மூன்று மடங்கு இறங்குகிறது. தொடக்கமும் முடிவும் வெகுதூரம் விலகியிருந்தது இன்னொரு காரணம்.

கே: இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுத்தால் போகிறது. டிராக் ரேஸில் ஏன் செய்வதில்லை?

ப: இடம் ஒரு திசைக்கென்றே கட்டப்பட்டது. ஒரு முனையில் பசை தெளித்து, ரப்பர் படிந்து, டயர் கவ்விப்பிடிக்கும் கான்கிரீட். மறுமுனையில் நிற்பதற்கான நீளம், மணல், வலை. திருப்பி ஓட்டவே முடியாது. அமெரிக்க தேசிய அமைப்பான என்எச்ஆர்ஏ, சாதனையை உறுதிசெய்ய அதே போட்டியில் 1 சதவீதத்துக்குள் இன்னொரு ஓட்டம் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டது. நல்ல விதிதான். ஆனால் அது கடிகாரத்தின் தவறைப் பிடிக்கும், சரிவைப் பிடிக்காது. இரண்டாவது ஓட்டமும் அதே இறக்கத்தில்தானே!

கே: விமான ஓடுதளத்தில் எடுத்த நேரம் என்றால் நம்பலாமா?

ப: ஓடுதளமெல்லாம் தட்டையானது அல்ல. பெரிய விமானங்களுக்கான தளத்திலேயே முனைக்கு முனை 1% வரை, சிறிய தளங்களில் 2% வரை சரிவைச் சர்வதேச விதி அனுமதிக்கிறது. இந்த விளையாட்டுக்கும் ஓடுதளத்துக்கும் பழைய உறவு: கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950இல் டிராக் ரேஸ் தொடங்கியது விமான நிலையத் தளத்தில்தான்.

கே: என் ஜிபிஎஸ் கருவி நல்ல நேரத்தைக் காட்டிவிட்டு ‘செல்லாது’ என்கிறதே?

ப: அது நேர்மையான கருவி. டிராகி போன்றவை 1 சதவீதத்துக்கு மேல் இறக்கம் என்றால் ஓட்டத்தை ஏற்பதில்லை. இன்னொன்றையும் பாருங்கள்: ‘ரோல்-அவுட்’ கழித்த நேரமா, கழிக்காததா? டிராக் பாதையில் முன்சக்கரம் ஒளிக்கற்றையை மறைத்தபடி நிற்கும். சக்கரம் உருண்டு கற்றையை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் வண்டி ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்து, கால் விநாடிபோல இலவசமாகப் பெற்றிருக்கும். 12 விநாடி வண்டிக்கு இது 1% சரிவு தருவதைப்போல இருமடங்குக்கும் மேல்.

கே: எங்கள் ஊர் பைபாஸில் நானே சோதித்துப் பார்க்கலாமா?

ப: கூடவே கூடாது. பொதுச்சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189வது பிரிவின்படி குற்றம். குறுக்கே வருகிறவருக்கு உங்கள் கடிகாரம் தெரியாது. மூடிய தளம், அனுமதி, இரு முனையிலும் நிற்கப் போதிய நீளம் எல்லாம் கிடைத்தால், ஒரே மணி நேரத்துக்குள் எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிச் சராசரி எடுங்கள். 1997இல் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டி கிரீன் ஓட்டிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி கார் மணிக்கு 1,228 கிலோமீட்டரைப் பதிவுசெய்ததும் இதே முறையில்தான். இறக்கத்தில் 11.90, ஏற்றத்தில் 12.11 வந்தால் உங்கள் வண்டி 12 விநாடி வண்டி.