கிடை போட்ட வயல்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பங்குனி பிறந்தால் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்பா முன்கூட்டியே சொல்லிவைப்பார். ராத்திரி நம் வயலில் கிடை. விடிந்ததும் பட்டியைப் பெயர்த்து அடுத்த துண்டில் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அப்படியே மண்ணில் இறங்கும். கூலியாக நெல் அளந்து கொடுப்போம். எருக்குழிக் குப்பை வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். நடவுக்கு முன் கொளுஞ்சியும் புங்கந்தழையும் சேற்றில் போட்டு மிதிப்போம். அந்த மக்கிய வாடை இரண்டு நாளைக்குக் காலை விட்டுப் போகாது.

1960களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தது, பின்னாலேயே ஐ.ஆர். 8. கூடவே யூரியா. ஈரக் கையால் அள்ளினால் சில்லென்று குளிரும். எங்களுக்கு அது விளையாட்டு. தெளித்த ஒரு வாரத்தில் பயிர் கருகருவென்று எழுந்து நின்றது. களம் நிறைந்தது. அரிசிக்கு நாடே தவித்த நேரம் அது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் டிராக்டர் வந்ததும் மாட்டை விற்றோம். எருக்குழி தூர்ந்தது. வாசலில் வந்து நின்ற கீதாரியிடம் "இந்த வருஷம் வேண்டாம்" என்றோம். மறு வருஷமும் அதையே சொன்னோம். ஒரு மூட்டை யூரியா போட்ட இடத்தில் இரண்டு மூட்டை கேட்டது நிலம். தழைச்சத்து மிஞ்சிய பயிரில் புகையான் விழுந்தது. கதிர் பிடித்த நேரத்தில் பயிர் சாய்ந்தது. கோடையில் மண்வெட்டி போட்டால் கட்டி கல்லாகத் தெறித்தது.

இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் இயற்கை விவசாயம் பற்றி ஊர் ஊராகச் சொல்லி வந்ததை நான் தாமதமாகத்தான் காதில் வாங்கினேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதைநெல் வாங்கிவந்தேன். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விலை.

யூரியாவை நிறுத்திய முதல் இரண்டு வருஷம் மாசூல் நன்றாகவே அடிவாங்கியது. வீட்டில் பேச்சுக் கேட்டேன். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று பெரியவர்கள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் எடுத்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரே போகத்தில் திருப்பிக் கேட்டால் மண் எங்கே போகும்? மூன்றாம் வருஷம் வரப்போரம் நாங்கூழ்ப் புழுவின் மண் உருண்டைகளைப் பார்த்தேன். குனிந்து ஒன்றை எடுத்து நசுக்கினேன். புட்டு மாதிரி உதிர்ந்தது. இன்றும் பக்கத்து வயலைவிட ஏக்கருக்கு இரண்டு மூட்டை குறைவுதான். உரக்கடையில் பாக்கி இல்லை.

அன்று நெல் அளந்து வரவழைத்த ஆட்டெருவை இன்று சாக்குக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறேன். அதுவும் போதவில்லை. மாடில்லாத ஊரில் எருவுக்கு எங்கே போவது? அதனால்தான் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டைச் சொல்கிறேன். அதன் வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தருவது அந்த முடிச்சுதான்.

ஒரே ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். கோடை மழை ஈரத்தில் 20 கிலோ விதையைத் தெளியுங்கள். 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். மூன்று வருஷம் விடாமல் செய்யுங்கள். விதைக்கு உங்கள் ஊர் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.