ஃபார்மேட் அடிக்க வேண்டாம், இருங்க

2004, 2005 வாக்கில் பெங்களூரின் அல்சூரில் ஒரு கணினி படுத்துவிட்டால், எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரே பதில்தான்: "ஃபார்மேட் அடிக்கணும் சார்." உள்ளே இருப்பதெல்லாம்? "அது போயிடும்." கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு, பையனின் ப்ராஜெக்ட் எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. வேறு வழியும் உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு லைவ் சிடி, அதாவது கணினியில் நிறுவாமல் தட்டிலிருந்தே ஓடும் லினக்ஸ் இயங்குதளம்.

அதன் பெயர் க்னாப்பிக்ஸ். ஜெர்மனியின் கிளாவுஸ் க்னோப்பர் 2000-இல் வெளியிட்டது. அதற்கு முன்பும் சிடியிலிருந்து ஓடும் லினக்ஸ்கள் இருந்தன. ஆனால் முன்பின் பார்த்திராத கணினியில் போட்டாலும் அதன் மானிட்டர், சவுண்ட் கார்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்து எழுந்து நின்றது இதுதான். 700 எம்பி சிடிக்குள் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார்; எது தேவையோ அதை மட்டும் அந்த நேரத்தில் விரித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. சிடியை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழைய கணினி பழையபடியே இருக்கும். அடுத்தவர் கணினியில் கை வைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் கிடையாது.

அந்தச் சிடியைக் கையில் வாங்குவதுதான் பாடு. 256 கேபிபிஎஸ் இணைப்பில் 700 எம்பி இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேலாகும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். அதனால் பத்திரிகைகளோடு வரும் சிடிகளுக்காகக் காத்திருப்போம். பிசி க்வெஸ்ட் இதழ் 1996-லேயே லினக்ஸ் சிடி கொடுத்தது. அதன் பின்னால் இருந்தவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். 2001-இலிருந்து லினக்ஸ் பெங்களூர் மாநாட்டை நடத்தியவர்களில் முன்னே நின்றவரும் அவர்தான். 2005-இல் அது ஃபாஸ் டாட் இன் ஆனது. அங்கே அரங்குக்குள் கேட்ட பேச்சுக்கு இணையாக வெளியே தாழ்வாரத்தில் கைமாறிய சிடிகளும் எங்களுக்கு முக்கியம். சிட்னிஸ் 2013-இல் காலமானார். இந்த நகரத்தில் லினக்ஸைத் தொட்ட ஒரு தலைமுறை அவருக்குக் கடன்பட்டது. என் கடனும் அதில் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸை வெளியிட்டவர்களோ கேட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தபாலில் சிடி அனுப்பினார்கள். நிறுவ ஒன்று, நிறுவாமல் ஓட்டிப் பார்க்க ஒன்று என்று முதலில் இரண்டாக வந்தவை, 2006-இல் ஒரே சிடியாயின. 2011-இல் அந்தத் தபாலும் நின்றது.

சோமேஸ்வரர் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் இருந்தது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது அவர்களுடைய ஒரே கணினி படுத்துக்கொண்டது. கறுப்புத் திரையில், ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று ஒற்றை வரி. அதற்கு மேல் நகரவில்லை. பேஜ்மேக்கரில் போட்டு வைத்த பத்திரிகைகள் எல்லாம் டி டிரைவில். கணினிக் கடைக்காரர் ஃபார்மேட்டுக்கு நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார்.

டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், கணினி எழும் வரிசையில் சிடி டிரைவை முதலில் வைத்து க்னாப்பிக்ஸைப் போட்டேன். டிரைவ் உறும ஆரம்பித்தது. ஒரு பென்குயின் வந்தது. அதன் கீழே கண்டுபிடித்த பாகங்களின் பெயர்கள் வண்ண வண்ணமாக ஒவ்வொரு வரியாக இறங்கின. சில நிமிடங்களில் முழுத் திரையும் வந்துவிட்டது. சி, டி என்றில்லாமல் எச்டிஏ1, எச்டிஏ5 என்று ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகள் தெரிந்தன. இரண்டாவதைத் திறந்ததும் ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன: வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், ஆவணி.

"தம்பி, இது நம்மளுதா?" என்றார் அச்சகக்கார அண்ணன்.

"உங்களுதுதாண்ணா. எதுவும் போகலை."

சிடி டிரைவில் க்னாப்பிக்ஸே உட்கார்ந்திருந்ததால் அதில் வேறு சிடி எழுத முடியாது. 256 எம்பி பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, பக்கத்து பிரவுசிங் சென்டர் கணினியில் கொட்டிவிட்டு வருவதுதான் வழி. அண்ணன் பையன் அதை ஓட்டமும் நடையுமாகச் செய்தான். முடிகிற நேரத்தில் அண்ணனுக்குத்தான் ஞாபகம் வந்தது: "ஃபான்ட்டு?" யூனிகோடு அச்சகங்களுக்கு வராத காலம் அது. ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டுக்கும் ஒரு குறியீடு; ஃபான்ட் போனால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வந்து நிற்கும். சி டிரைவிலிருந்து அந்த ஃபோல்டரையும் எடுத்தோம். அதன் பிறகு அண்ணனே கடைக்குப் போன் போட்டு, "இப்ப வந்து அடிப்பா ஃபார்மேட்டை" என்றார்.

அதோடு எந்த வேலைக்கு எந்தச் சிடி என்று தேட ஆரம்பித்துவிட்டேன். எஸ்.பி. ரோட்டில் பழைய கணினி வாங்கப் போகிறவரோடு க்னாப்பிக்ஸை எடுத்துக்கொண்டு போவேன். ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட்டும் அதிலேயே உண்டு, கடைக்காரர் பேச்சை நம்பவேண்டிய அவசியமில்லை. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுக்க ரேமில் ஏறிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிடியை வெளியே எடுத்துவிடலாம். குப்பைக்குப் போகவிருந்த பென்டியம் கணினிகள் பல அதனால் பிள்ளைகளின் மேசைக்குப் போயின. டாம் ஸ்மால் லினக்ஸ் வெறும் 50 எம்பி, விசிட்டிங் கார்டு அளவுச் சிடியில் அடங்கிவிடும். வங்கி வேலைக்கு லைவ் சிடி நல்லது என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் 2009-இல் எழுதினார்: எழுத முடியாத தட்டில் வைரஸ் எங்கே போய் ஒட்டும்? க்னோப்பர், பார்வையில்லாத தம் மனைவி ஏட்ரியனின் பெயரிலேயே, பேச்சொலியால் இயங்கும் ஒரு முகப்பையும் க்னாப்பிக்ஸில் சேர்த்தார். எனக்கு இந்த வரிசையிலேயே அதன் மேல்தான் மதிப்பு அதிகம்.

தமிழும் அப்படி லைவ் சிடியில்தான் வந்தது. மெனு முதல் கோப்புப் பெயர் வரை தமிழில் ஓடும் ஒரு திரையை, எதையும் நிறுவாமல், அடுத்த வீட்டுக் கணினியில் காட்ட முடிந்தது. ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலை அப்போது மூடித்தான் கிடந்தது, 1991-இலிருந்து அப்படி. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். சிலைக்குத் துணி போட்டிருந்த அந்த வருஷங்களில், அல்சூர்ப் பெரியவர்கள் தங்கள் பெயரைத் தமிழில் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்று மெட்ரோ தலைக்கு மேல் ஓடுகிறது. அன்று ராத்திரி முழுக்க இறங்கியது, இன்று நிமிடங்களில் இறங்குகிறது. உபுண்டு 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. சிடி என்ன, சாதாரண டிவிடிகூடக் கொள்ளாது. லேப்டாப்பில் சிடி டிரைவும் கிடையாது. பென் டிரைவ் போதும். அன்றைக்கு நாங்கள் ஏங்கியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கதவைத் திறக்கத்தான் கணினி யோசிக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 கணினிகளோடு செக்யூர் பூட் பரவியது. கையொப்பமிட்ட இயங்குதளங்களையே அது எழவிடும். உபுண்டு போன்ற பெரியவை கையொப்பம் வாங்கிக்கொண்டன. சின்னவற்றுக்குப் பெரும்பாலும் பயாஸில் அதை நிறுத்தியாக வேண்டும். அதையும் தாண்டி எழுந்தால் டிஸ்க் பூட்டியிருக்கிறது.

சென்ற வருஷம் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் லேப்டாப்போடு வந்தாள். ஆன் செய்தால் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் அழகாக எழுந்தது. டிஸ்க்கும் தெரிந்தது, உள்ளே இருப்பது மட்டும் தெரியவில்லை. "அங்கிள், நான் எதையும் லாக் பண்ணவே இல்லையே." பண்ணவில்லைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும் விண்டோஸ் ஏற்பாடு அது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கணக்கை அவளுக்குத் திறந்து கொடுத்தது கடையில் இருந்த யாரோ, ஏதோ ஒரு மின்னஞ்சலில். இரண்டு நாள் கடைக்கு அலைந்து, மின்னஞ்சலைக் கண்டுபிடித்துச் சாவியை வாங்கினாள். கடைசி வருஷ ப்ராஜெக்ட் பிழைத்தது.

பூட்டு தவறு என்று நான் சொல்லமாட்டேன். அச்சகத்து டிஸ்க்கை நான் கடவுச்சொல் கேட்காமல் திறந்ததுபோல, லேப்டாப்பைத் திருடியவனும் திறந்திருப்பான். பஸ்ஸில் பை தொலைக்கிற ஊரில் டிஸ்க்குக்குப் பூட்டு வேண்டும்தான். ஆனால் தன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டதே தெரியாமல், சாவி யாரிடம் என்றும் தெரியாமல் ஒருவர் குடியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தன் கணினியைத் தனக்கு வேண்டிய எதைக்கொண்டும் எழுப்பிப் பார்க்கும் உரிமை சொந்தக்காரருக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது இருபது ரூபாய்கூடப் பெறாத ஒரு தட்டு.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. அல்சூரில் நல்ல நிலையில் இருக்கும் கணினிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போடுகிறார்கள். போடுவதற்கு முன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, தமிழ் தட்டச்சாகிறதா. அரை மணி நேரம் போதும். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம். புது லேப்டாப் வாங்குகிறவர்கள், கடையை விட்டு இறங்குவதற்குள் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான் திறந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.