முன்பதிவிலார் நுழைபடலம்

இடம் சொல்லி வைக்காத ஒருவன், உறுப்பினருக்கு மட்டுமே ஊற்றும் மதுக்கூடத்துள் புகுவது எங்ஙனம்? நம் உரையாசிரியர்கள் இதைத் தொடாமலே போய்விட்டார்கள். அக்குறை நீக்கவே இச்சிற்றாய்வு.

களம், போர்ட் பிளேருக்கு எதிரே கிடக்கும் ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858-இல் அந்தமானில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியபின் வெள்ளையர் இங்கே தலைமையிடம் அமைத்தனர். தேவாலயம், ரொட்டிக் கூடம், நீச்சல் குளம் கட்டியவர்கள் 'சபார்டினேட்ஸ் கிளப்' என்றொன்றையும் கட்டினார்கள். கீழ்நிலை அலுவலர் கிளப் என்பது பொருள். 'கீழ்' என்றது வெள்ளையருள் கீழானோரை. காட்டை வெட்டித் திருத்திய கைதி அக்கணக்கிலேயே வாரான் என்க. ஒரு வாசலில் நிறுத்தப்பட்டவன் தனக்கென வேறொரு வாசல் கட்டி, அதில் இன்னொருவனை நிறுத்துவான். கிளப்பியலின் முதல் நூற்பா இது.

நுழையும் வழிகளுள் சிபாரிசு பழையது, விரித்துரைக்க வேண்டியதில்லை. அடுத்தது சட்ட வழி. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே சென்னைக் கிளப் ஒன்று திருப்பி அனுப்பியது. மறுமாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. ஆயினும் அச்சட்டம் காப்பது வேட்டியைத்தான். வேட்டிக்குள் இருப்பவர் உறுப்பினரா என்று காவலாளி இன்றும் கேட்கலாம்.

மூன்றாவது ஊர் வழி. போர்ட் பிளேரில் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் ஆய்வாளனே சோதித்தது. மேசையெல்லாம் காலி, எல்லாவற்றிலும் 'ரிசர்வ்டு' பலகை. "புக்கிங் இருக்கா சார்?" என்று இந்தியில் கேட்ட பையன், நான் தமிழில் முனகியதும் குரல் தாழ்த்தி, "அண்ணனுக்கு எந்தப் பக்கம்?" என்றான். பரமக்குடி என்றேன். அவனுக்கு முதுகுளத்தூர். பலகை ஒன்று மேசைக்கடியில் போயிற்று.

இம்முறையில் ஒரு குறை உண்டு: பையன் விடுப்பில் போனால் வழி அடைபடும்.

நான்காவது வேர் வழி, இதுவே தலையாயது. 1941 ஜூன் 26 நிலநடுக்கத்தால் ராஸ் சிதைந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தனர். அவர்களும் முன்பதிவு செய்தவர்கள் அல்லர். ஆனால் துப்பாக்கியோடு நுழைதல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. போர் முடிந்து எல்லாரும் போனபின், பறவை எச்சத்தில் வந்த ஆலின் இனத்து விதை சுவர் வெடிப்பில் விழுந்தது. அது வாசலைத் தேடவே இல்லை. இன்று தீவில் செங்கல்லைப் பிடித்து நிறுத்தியிருப்பது பல இடங்களில் வேர்தான். வேரை வெட்டினால் சுவர் விழும். இத்தகைய உறுப்பினர் தகுதியை எந்தக் கிளப்பும் எவருக்கும் வழங்கியதில்லை.

ஆய்வாளனோ படகுக்குச் சீட்டு வாங்கித்தான் போனான். கூரையற்ற சுவரோரம் நின்று குறிப்பெடுக்கையில் புள்ளிமான் ஒன்று வந்து மேலும் கீழும் பார்த்தது. சட்டைப்பையில் இருந்த பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு வழிவிட்டது.