மணிக்கட்டே மனிதன்: பெருந்துறை வட்டாரத்தில் விளையாட்டுக் கடிகாரத்தின் பயிற்சிப் பகுப்பு – ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பெருந்துறையில் விடியற்காலை நடைக்கு வருவோர், முதல் அடி வைக்கும் முன் ஒரு கணம் நின்று தம் இடக்கையைத் தொடுகிறார்கள். இது சூரிய நமஸ்காரம் அன்று. மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்கு, தாம் செய்யப்போவது இன்னதென்று அறிவிக்கும் சடங்கு. தொட்டதும் பட்டியல் விரிகிறது: வாக், ரன், சைக்கிள், நீச்சல், யோகா, டிரெட்மில். இன்னும் தள்ளிக்கொண்டே போனால் வியப்பு காத்திருக்கிறது. ஆப்பிள் வாட்சில், பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங்குக்கு இடமுண்டு. வேட்டைக்கு உண்டு; மீன் பிடிப்பதற்கும் உண்டு. தேங்காய் உரிப்பதற்கு இல்லை.

கொப்பரை ஏலத்துக்குப் பெயர்போன ஊரில் இதைச் சிறு குறையாகக் கொள்ள முடியாது. பெருந்துறையில் பனிக்கட்டி உறைந்து கிடந்ததற்குக் கல்வெட்டுச் சான்று எதையும் இவ்வாய்வாளர் கண்டாரில்லை. ஆகவே எழும் வினா: ஓர் உழைப்பு எப்போது உடற்பயிற்சி ஆகிறது?

2. கருதுகோள்

கடிகாரம் அளப்பது மனிதனை அன்று, அவன் மணிக்கட்டை. மணிக்கட்டு ஆடினால் உழைப்பு, ஆடாவிட்டால் ஓய்வு. கால், தோள், முதுகு ஆகியவை கடிகாரத்தின் அறிவுக்கு அப்பாற்பட்டவை.

3. முன்னோர் ஆய்வு

இத்துறையின் தோற்றுவாய் ஜப்பான். டோக்கியோ ஒலிம்பிக் 1964இல் நடந்து முடிய, அடுத்த ஆண்டே யமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் செருகும் அடி எண்ணியை விற்கத் தொடங்கியது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் என்ற எண் இருந்தது. விற்பனைக்காக வைத்த எண் வேதவாக்காயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நம்மூர் மொட்டைமாடிகளில் சிலர் வட்டமடிப்பதன் வரலாற்றுக் காரணம் இதுவே. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, வயது முதிர்ந்த பெண்களுக்கு ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை என்றது. மாடியில் சுற்றுவோர் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்தது பின்லாந்து. 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம், மார்பில் கட்டிய பட்டையிலிருந்து கம்பியில்லாமல் கைக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை 1982இல் கொண்டுவந்தது. மூன்றாவது, 1993இல் பார்பரா ஐன்ஸ்வொர்த் குழுவினர் வெளியிட்ட உடலுழைப்புத் தொகுப்பு. சும்மா உட்கார்ந்திருப்பதை ஒன்று எனக் கொண்டு, மற்ற செயல்கள் அதற்கு எத்தனை மடங்கு என்று அது வரிசைப்படுத்துகிறது. கையால் பால் கறப்பதும் மெஷினில் கறப்பதும் அதில் தனித்தனி இனங்கள். காங்கயம் மாடு கட்டியிருப்போர் இந்தப் பகுப்பை மெச்சுவர். கடிகாரம் செய்தோர் அதுவரை படித்ததாகத் தெரியவில்லை.

நான்காவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தது. துடிப்பை ஆறு கருவிகள் ஓரளவு சரியாகச் சொல்லின. கலோரியிலோ, இருந்தவற்றுள் மேலானதே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. கடைசிக் கருவி 93 சதவீதம். “இன்னிக்கு நானூறு கலோரி எரிச்சாச்சு” என்று கூறி இரண்டு பஜ்ஜிக்குக் கைநீட்டுவோர் இவ்விடத்தை இருமுறை படிக்க.

4. ஊர்வழிப் பகுப்பு

அ. பின்கை நடை. ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு உரியது. இரு கையையும் முதுகுக்குப் பின் கோத்து நடப்பதால் மணிக்கட்டு அசையாது. அடிகள் பல கணக்கில் விட்டுப்போகும். களத்தில் கேட்ட உரையாடல் ஒன்று சான்றாகிறது. “ஏனுங் மாமா, கையை வீசி நடங்க. இல்லீன்னா கணக்குல ஏறாதுங்.” “நடக்கறது காலு மாப்ள. கணக்குப் பாக்கறது அதும்பாடு.”

ஆ. ஏற்றம். பெருந்துறைக்குத் தெற்கே சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1320 படிகள். கடிகாரம் காற்றழுத்தம் குறைவதைக் கொண்டு உயரத்தை அறிந்து, சுமார் மூன்று மீட்டருக்கு ஒரு மாடி என்று கணக்கிடுகிறது. ஆகவே மலையேறி முடித்த பக்தரிடம் அது பல டஜன் மாடி ஏறிவிட்டதாகப் பாராட்டும். அத்தனை மாடி கொண்ட கட்டடம் ஊரில் எங்கும் இல்லை. மலைப்பாதையில் வண்டியில் போனவருக்கும் உயரம் அதே உயரந்தான். ஆனால் ஏற்றத்தோடு காலடியும் சேர்ந்து வந்தால்தான் பெரும்பாலான கடிகாரங்கள் மாடியை ஒப்புக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் கடிகாரமும் முருகனும் ஒரே கட்சி என்பது படியேறியவர்களின் துணிபு.

இ. தறி. சென்னிமலைப் போர்வை நெய்யும் குழித்தறியில் கால் மிதியை மிதிக்க, ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிட, மற்றொரு கை பலகையை அடிக்கும். எல்லாம் ஒரே தாளம். தாளத்தோடு கை ஆடினால் நடை என்றுதான் கடிகாரத்துக்குத் தெரியும். எனவே நெசவாளர் குழியைவிட்டு எழாமலே பல கிலோமீட்டர் நடந்தவர் ஆவார். மெய்யாகவே உழைக்கும் கால்களுக்கு இதில் ஒரு பைசா வரவு இல்லை.

ஈ. உரிப்பு. நட்டுவைத்த இரும்புக் கூர்முனையில் தேங்காயைக் குத்தித் திருகும்போது மணிக்கட்டு இறுகிப்போகும். கடிகாரத்தின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ஓடும் இரத்தம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்தே துடிப்பை எண்ணுகிறது. பிடி இறுகினால் அந்தப் பார்வை மங்கும். சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் கையின் ஆட்டத்தையே துடிப்பென்று எண்ணத் தொடங்கிவிடும். அவ்வேளையில் திரையில் தெரிவது உரிப்பவரின் இதயம் அன்று, தேங்காயின் போக்கு.

உ. கும்மி. வள்ளி கும்மி ஒன்றே கடிகாரத்துக்கு முழு நிறைவு தரும் கொங்கு உழைப்பு. கையும் காலும் ஒருங்கே ஆடுகின்றன. பட்டியலில் டான்ஸ் என்ற இனமும் உண்டு. குறை ஒன்றே. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் இயல்புடையது. அதை ஓடவிட்டால், ஒரே வட்டத்தில் சுற்றியவரின் வரைபடத்தைச் சிக்கு விழுந்த நூற்கண்டாகக் காட்டும்.

ஊ. காவடி. தைப்பூசத்துக்குக் காங்கயம், தாராபுரம் வழியே பழனிக்கு நடப்பவர், தோளில் காவடியைப் பிடித்த கையை வீசுவதில்லை. ஆகவே மேற்சொன்ன அனைவரிலும் அதிகம் நடக்கும் இவரை, பல கடிகாரங்கள் மேசையில் கையூன்றி உட்கார்ந்தவராக எண்ணி, எழுந்து நிற்குமாறு அன்புடன் நினைவூட்டக்கூடும்.

5. தடையும் விடையும்

அற்றேல், ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டால் காவடியார் தூரம் கிடைக்குமே எனின், கிடைக்கும். பழனிக்கு முன்பே பேட்டரி முக்தியடையும்.

அற்றேல், கடிகாரத்தைக் காலில் கட்டினால் ஆகாதோ எனின், ஆகும். பின்கை நடையாரும் காவடியாரும் பிழைப்பர். ஆயினும் இது புதுக் கண்டுபிடிப்பு அன்று. கொங்குநாட்டுப் பெருஞ்சலங்கை ஆட்டக்காரர் காலில் கட்டியிருப்பது இதே தொழில்நுட்பம். அது ஒவ்வோர் அடியையும் ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கும், சார்ஜ் கேட்காது.

அற்றேல், சிப்காட்டில் இரவு ஷிப்டு முழுக்க நின்றும் நடந்தும் வேலை பார்ப்பவர் நிலை என்னை எனின், அவர் அடிகள் எண்ணப்படும். ஆனால் பொத்தானை அமுக்காததால் பெரும்பாலும் பயிற்சி எனப்படா. வேலை முடிந்து வீடு வந்து, கட்டிலில் சாய்வதற்கு முன் பொத்தானை அமுக்கித் தெருவில் இருமுறை நடந்தால் அதுவே அன்றைய உடற்பயிற்சி.

6. புறனடை

மேற்கண்ட இனங்களுள் நடையும் ஏற்றமும் கும்மியும் நீங்கலாக, மற்றவற்றுக்குப் பட்டியலில் நேர்ப்பெயர் இல்லை. எல்லாம் கடைசியில் நிற்கும் ‘அதர்’ என்னும் இனத்துள் அடங்கும். ஆப்பிள் வாட்சின் விதிப்படி, இவ்வினத்தில் சென்சார் அளவு கிடைக்காத நேரங்களில் விறுவிறுப்பான நடைக்கு உரிய கலோரி வழங்கப்படும். அதாவது மணிக்கட்டு இறுகித் துடிப்பு தெரியாமற்போன வேளையில், களத்தில் தேங்காய் உரித்தவரும் சர்வீஸ் ரோட்டில் செருப்புத் தேய நடந்தவரும் ஒரே கூலி.

7. முடிவும் பரிந்துரையும்

பட்டியலின் தலையில் நிற்கும் இனங்களுக்குப் பெருந்துறை ஒதுக்கும் பொழுது காலையில் ஒரு மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் ‘அதர்’. எனவே இவ்வூரைப் பொறுத்தமட்டில் புறனடையே விதி, விதியே புறனடை என்பது பெறப்படும்.

பரிந்துரைகள்: (க) தறி, உரிப்பு, காவடி ஆகிய மூன்றும் பட்டியலில் சேர்க்கப்படுக, கர்லிங் வேண்டுமானால் அவற்றுக்குக் கீழே இருக்கட்டும். (உ) கையைப் பின்னால் கட்டி நடக்கும் பெரியவர்களுக்கு, வயதை மதித்து, விட்டுப்போன அடிகளைச் சேர்த்து வழங்குக. (ங) ‘அதர்’ என்பதைப் பட்டியலின் முதல் வரியில் வைக்க. விரலால் அதுவரை தள்ளிப் போகும் உழைப்பு மிச்சமாகும். அந்தத் தள்ளும் உழைப்பை எந்த இனத்தில் சேர்ப்பது என்பது மேலாய்வுக்குரியது.